கூரை தாவுகிறவனுக்கு என்ன பரிசு? மூன்று ஆட்டங்கள், மூன்று கணக்கு

ரிஸ்க் எடுக்கிற கேரக்டருக்கு ஏதாவது கொடுக்கணும் என்று மேசையில் உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகக் கதை ஆடும் பல ரோல்பிளேயிங் ஆட்டங்களின் விதியில் இருக்கிறது. ஆனால் எது ரிஸ்க், அதை யார் முடிவு செய்வது என்று கேட்டால் மேசைக்கு மேசை சண்டை. அதனால் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்), ஃபேட், பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற மூன்று ஆட்டங்களையும் ஒரே காட்சியில் ஓட்டிப் பார்ப்போம்.

பினாங்கு, ஆகஸ்ட் 1867. கீ ஹின், தோவா பேக் கோங் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் ஜார்ஜ் டவுன் தெருக்களில் அடித்துக்கொள்கின்றன. அவர்களுக்குத் துணையாக வெள்ளைக்கொடிக்காரர்கள் ஒரு பக்கம், செங்கொடிக்காரர்கள் மறுபக்கம் (நம் ஊர் வரலாற்றிலேயே இவ்வளவு மசாலா இருக்கும்போது டிராகன் எதற்கு?). நம் திருடன் எதிராளியின் கணக்குப் புத்தகத்தோடு கடைவீட்டுக் கூரையில் நிற்கிறான், மழை, ஓடு வழுக்குகிறது. படியில் இறங்கிப் போகலாம், நேரமாகும். அவன் எதிர்க் கூரைக்குத் தாவுகிறான்.

டி அண்ட் டி 2014 விதியில் தாவியதற்கு ஒன்றும் கிடையாது. கேரக்டரின் குணம், கொள்கை, பந்தம், குறை இவற்றுக்கு ஏற்ப ஆடினால் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) இன்ஸ்பிரேஷன் என்ற சலுகையைத் தரலாம், அதை வைத்து ஒரு தடவை அட்வான்டேஜ், அதாவது இரண்டு டி20 (இருபது முகப் பகடை) உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். அந்தத் 'தரலாம்'தான் தொல்லை. டிஎம் மறந்துவிடுவார், இல்லையென்றால் நல்ல ஜோக் அடித்தவனுக்குக் கொடுத்துவிடுவார். 2024 பதிப்பில் அது ஹீரோயிக் இன்ஸ்பிரேஷன் ஆகி, உருட்டிய ஒரு டைஸை ரீரோல் செய்ய விடுகிறது. மனிதக் கேரக்டருக்கோ லாங் ரெஸ்ட் எடுத்தாலே கிடைத்துவிடும், தூங்கி எழுந்ததற்கு வீரப் பரிசு! நல்ல விதிதான், ஆனால் இதை ரிஸ்க் விதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஃபேட் வேறு மாதிரி. திருடனுக்கு 'அவசரக்குடுக்கை' என்று ஒரு ஆஸ்பெக்ட் (கேரக்டரைச் சொல்லும் ஒரு வரி அடையாளம்) இருக்கிறது என்று வையுங்கள். ஜிஎம் (ஆட்டத்தை நடத்துபவருக்கு இங்கே இந்தப் பெயர்) ஒரு ஃபேட் பாயின்ட்டை நீட்டி, "நீ அவசரத்தில் தாவ, புத்தகம் நழுவித் தெருவில் விழுகிறது, சரியா?" என்கிறார். சரி என்றால் பாயின்ட் உங்களுக்கு, பின்னால் +2 அல்லது ரீரோலுக்கு ஆகும். வேண்டாம் என்றால் கையிலிருந்து ஒன்று கொடுக்க வேண்டும். கதைக்கு அருமை. ஆனால் கவனியுங்கள், இங்கே டைஸே உருளவில்லை. தொல்லை நிச்சயம், கூலியும் நிச்சயம். இதில் ரிஸ்க் எங்கே? பேரம்தான் இருக்கிறது.

பிளேட்ஸில்தான் தாவலுக்கே கூலி. ஜிஎம் நிலைமையை டெஸ்பரேட் (மிக ஆபத்தானது) என்று அறிவித்து நீங்கள் உருட்டினால், ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த ஆக்‌ஷனின் ஆட்ரிப்யூட்டில் (அது சேர்ந்த திறன் தொகுப்பில்) 1 எக்ஸ்பி, அதாவது ஒரு அனுபவப் புள்ளி. ப்ரவுல் (பதுங்கி நகர்வது) உருட்டினால், அது சேர்ந்த ப்ரவெஸ் என்ற ஆட்ரிப்யூட்டில் ஒரு குறி, ஆறு நிறைந்தால் அதிலுள்ள ஒரு ஆக்‌ஷன் ஏறும். இங்கேயும் தகராறு உண்டு: எக்ஸ்பிக்காக ஒருத்தன் எதற்கெடுத்தாலும் "டெஸ்பரேட்டா வைங்கண்ணே" என்று கேட்டால்? சில ஜிஎம்கள் இது ஏமாற்று வேலை என்று கையைத் தட்டிவிடுகிறார்கள். நான் விட்டுவிடு என்பேன். நிலைமையை மோசமாக்கிக்கொண்டு பலனைக் கூட்டிக்கேட்க விதியே இடம் தருகிறது, கடைசி வார்த்தை எப்படியும் ஜிஎம்முடையது. அதைவிட முக்கியம், விலை பொய்யில்லை. பகடையில் 1 முதல் 3 வரை வந்தால் கால் முறியும். அதைத் தடுக்கப் போனால் ஸ்ட்ரெஸ் ஏறும், ஒன்பது கட்டம் நிறைந்தால் ட்ராமா (ஆறாத மனக்காயம்), நாலு ட்ராமா வந்தால் கேரக்டருக்கு ஓய்வுதான். எக்ஸ்பி வேட்டைக்காரன் ரொம்ப நாள் தாங்க மாட்டான்.

ஒரே குறை, புதியவர்களுக்கு நிலைமையையும் பலனையும் விளக்கியே பாதி ராத்திரி போய்விடும். மறுநாள் காலை பாயான் லெப்பாஸ் ஆலையில் ஷிஃப்ட் இருக்கிறவர்களை வைத்துக்கொண்டு அது கஷ்டம்.

டி அண்ட் டியை விட மனமில்லாதவர்கள் இப்படிச் செய்யலாம்: உருட்டுவதற்கு முன்பே "தவறினால் புத்தகம் போச்சு, காலும் போச்சு" என்று டிஎம் சொல்லட்டும், ஆட்டக்காரர் சரி என்றால் அப்போதே இன்ஸ்பிரேஷன். அதை அதே உருட்டலுக்குச் செலவழிக்கலாமா என்பதில் பினாங்கு குளுகோரில் ஆடும் எங்கள் மேசை இரண்டு பட்டுக் கிடக்கிறது. நான் கூடாது என்கிற கட்சி, ஏனென்றால் உடனே செலவழிக்க விட்டால் பாதி ஆபத்து அங்கேயே கரைந்துவிடுகிறது.