சாங்கியிலிருந்து நியூயார்க்: நிற்காமல் பறக்கும் சேவை எப்படி?

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் 17 மணி நேரம் வரும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கால அட்டவணையோ பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல் காட்டுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும் அதில் அடங்கும் என்றாலும், பெரிய காரணம் பாதைதான்.

அந்தக் குறுகிய கோடு வடதுருவத்தை ஒட்டிச் செல்கிறது; விமானம் பெரும்பாலும் அவ்வழியே போவதில்லை. ஜப்பான் பக்கமாகச் சென்று, பசிபிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வளிக் காற்றைப் பிடித்துக்கொள்வதால், பறக்கும் தூரம் பல நாட்களில் 16,000 கிலோமீட்டரைத் தாண்டினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகின்றன. இருக்கைத் திரையின் வரைபடத்தில் தரைவேகம் ஆயிரத்தைக் கடப்பதைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு கண்முன்னே விளங்கிவிடுகிறது.

நியூயார்க்கை ஒட்டியுள்ள நியூவர்க் விமான நிலையத்துக்கு 2004 முதல் 2013 வரை நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானங்களால் நடத்தப்பட்டு, எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் நின்றுபோன இடைநில்லாச் சேவை, 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் ஏ350-900 யூஎல்ஆர் என்ற மிக நீண்ட தூர விமானம் வந்த பிறகே, 2018இல் மீண்டும் தொடங்கியது. கென்னடிக்கு நிற்காமல் 2020இல் பறக்கத் தொடங்கினார்கள். எடையைக் குறைக்க 161 இருக்கைகளே வைத்திருக்கிறார்கள்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி கிடையாது என்பதால் குடும்பத்தோடு செல்பவர்களுக்குக் கட்டணம் கையைக் கடிக்கும்.

தனியாகச் செல்பவர்களுக்கு என் பரிந்துரை பிரீமியம் எகானமியின் கடைசி வரிசைகள். விமானத்தின் உடல் அங்கே குறுகுவதால் ஜன்னலோரம் ஒற்றை இருக்கைதான்; யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்கலாம், பக்கத்தில் பை வைக்கவும் இடமுண்டு. இத்தனை நீண்ட பயணத்தில் சாப்பாட்டைவிட இதுவே பெரிய வசதி. சைவம் வேண்டுபவர்கள் புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயரத்துக்கு ஈடாக வைக்கப்படுவதால், பழைய விமானங்களில் வரும் தலைபாரம் எனக்கு இல்லை.

உறக்கம்தான் சிக்கல். கோடையில் நியூயார்க் சரியாக 12 மணி நேரம் பின்தங்கியிருப்பதால் கைக்கடிகார முள்ளைத் திருப்ப வேண்டியதில்லை. உடம்புக்கோ இரவு முழுதும் பகலாகிவிடுகிறது. கால் வீக்கமுள்ள வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், இதே நிறுவனம் ஃபிராங்க்ஃபர்ட்டில் நிறுத்தி இயக்கும் விமானத்தை எடுப்பது மேல். நான்கைந்து மணி நேரம் கூடுதலாகும். இறங்கி நடக்கலாம், எகானமி வகுப்பும் உண்டு.