டியூன்: 1984-ஆ, 2021-ஆ?

பிராங்க் ஹெர்பர்ட்டின் 1965 அறிவியல் புனைவு நாவலான ‘டியூன்’-ஐத் திரையில் பார்க்க நினைப்பவர்கள் எந்தப் படத்தில் தொடங்குவது என்று தடுமாறுகிறார்கள்.

நீளம்: 1984 படத்தை இயக்கிய டேவிட் லிஞ்ச் முழு நாவலையும் 137 நிமிடங்களில் அடைத்தார், பின்பாதி மூச்சிரைக்க ஓடுகிறது. டெனி வில்னவ் 2021, 2024 என இரண்டு படங்களாகப் பிரித்து, ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்.

மனக்குரல்: நாவலில் பாத்திரங்கள் ஓயாமல் யோசிப்பார்கள். லிஞ்ச் அதைக் கிசுகிசுப்பான பின்னணிக் குரலாக்கினார். முகம் அசையாமல் நிற்க, எண்ணம் மட்டும் பேசும். சில இடங்களில் சிரிப்பே வந்துவிடும். வில்னவ் பார்வையிடமும் கைச்சைகையிடமும் அந்த வேலையை விட்டுவிட்டார்.

முடிவு: லிஞ்ச் பாலைவனக் கிரகத்தில் மழையைக் கொட்டவைத்து நாயகனை உண்மையான மீட்பராகவே காட்டுகிறார், நாவலில் அந்த மழை கிடையாது. நாயகனைச் சந்தேகத்தோடு பார்த்த ஹெர்பர்ட்டின் நோக்கம் வில்னவிடம்தான் பிழைத்தது.

நாவலைப் படிக்காதவர் 2021 படத்தில் தொடங்கலாம். படித்தவர், விசித்திரமான அரங்க அமைப்புகளுக்காகவே 1984 படத்தையும் பார்க்கலாம்.