பீட்ரூட் நிறத்தூள்: பெரிய டின் வாங்கலாமா?

விலை இறங்கியிருக்கிறது, பெரிய டின்னாகவே எடுத்துவிடலாமா என்று ஹட்டனில் கேக் செய்து விற்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார். நெடுநாளாகப் பாவிப்பதால் சொல்கிறேன்.

பட்டர் ஐசிங்கில் இந்த ரோஸ் நிறத்துக்கு ஈடு கிடையாது. கண்ணைக் குத்தாது, நாக்கிலும் சாயம் பிடிக்காது. ஆனால் இதற்கு நிறம் தரும் பெட்டானின் என்ற சாயம் தண்ணீரில்தான் கரையும், பட்டரில் கரையாது. தூளை அப்படியே கொட்டினால் சிவப்புப் புள்ளிகளாக நிற்கும், பிறகு ஒவ்வொன்றைச் சுற்றியும் நிறம் கசிந்து வட்டம் போடும். 250 கிராம் பட்டர், 500 கிராம் ஐசிங் சீனிக்கு 2 தேக்கரண்டித் தூள் எடுத்து, ஒரு மேசைக்கரண்டி பாலில் குழைத்து, மெல்லிய துணியில் வடித்துக் கடைசியில் சேருங்கள்.

கேக் கலவையில்தான் வயிறெரிகிறது. அப்பச்சோடாவின் காரத்தன்மையும் ஓவன் சூடும் சேர்ந்தால் பெட்டானின் உடைந்து மண்ணிறமாகிவிடும். சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடர் போட்டு, பாலில் பாதிக்குப் புளித்த தயிரும் ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறும் விட்டால் உள்ளே ஓரளவு தங்கும். மேற்பக்கம் எப்படியும் பழுப்புத்தான். ஊதா வேண்டி ஸ்பைருலினாப் பாசியிலிருந்து எடுக்கும் நீலம் கலப்பவர்கள் கவனிக்க: பீட்ரூட்டுக்குப் பிடித்த புளிப்பு அந்த நீலத்துக்கு ஆகாது, சூடும் ஆகாது. ஐசிங்கில் மட்டும், தேசிக்காய் இல்லாமல் கலக்கலாம்.

இவ்வளவையும் பொறுக்கலாம். கட்டி தட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஹட்டனோ நுவரெலியாவோ, மூடுபனி குசினிக்குள்ளேயே வந்துவிடுகிறது. திறந்து மூடுவதற்குள் தூள் ஈரத்தை இழுத்து, டின் விளிம்பில் பிசுபிசுத்து, பிறகு கல்லாக இறுகுகிறது. இடித்தெடுத்தாலும் பயனில்லை, ஈரம் ஏறினால் பெட்டானின் வேகமாகச் சிதையும், நிறம் மங்கிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு திறந்தால் உள்ளே நீர் பூத்து இன்னும் மோசமாகும். சிறு போத்தல்களில் பிரித்து வைத்தால் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான்.

நல்ல தூள்தான். ஆனாலும் வாங்காதீர்கள், தங்கச்சி. நுவரெலியாச் சந்தையில் பீட்ரூட் கிழங்கு குவிந்து கிடக்கிறது. அரைக் கிலோ எடுத்து, மண்வாசம் போகத் தோலைத் தடிப்பாகச் சீவி, துருவிப் பிழியுங்கள். ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு விட்டு, கொதிக்கவிடாமல் மெல்லிய நெருப்பில் கால் பங்காக வற்றவைத்து, ஐஸ் தட்டில் உறையவையுங்கள். மேலே சொன்ன ஐசிங்குக்குத் தூளும் பாலும் வேண்டாம். ஒரு கட்டியை உருக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தால் போதும்.