சித்திரைப் பூசைக்குக் காணொளிச் செயலி: ஐந்துக்கு மூன்று
2020 ஏப்ரலில், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊரடங்கினால் ஹட்டனிலுள்ள தேயிலைத் தோட்டத்திற்குத் திரும்ப முடியாதபோது, சித்திரைப் புத்தாண்டுப் பூசையைக் கட்டணமில்லாக் காணொளிச் செயலியொன்றில் நடத்தினோம். படம் தெளிவாகவே இருந்தது. ஆனால் எல்லோரும் சேர்ந்து தேவாரம் பாடியபோது, செயலி ஒரு குரலை மட்டும் உயர்த்தி ஏனையவற்றை அடக்கியதால், கூட்டுப் பாடல் சிதறிப்போனது. ஒருவர் பாட, மற்றவர்கள் தம் ஒலியை நிறுத்திவைத்ததே பயன்பட்ட வழி.

அதே மாதம் 8ஆம் திகதி மாலை தொடங்கிய யூதர்களின் பாஸ்கா விருந்துக்கு இவ்வகைச் செயலி கூடுதலாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். இளையவர் கேள்வி கேட்க, எகிப்திலிருந்து விடுதலை பெற்ற கதையைப் பெரியவர்கள் சொல்வதே அவ்விருந்தின் உயிர். திருநாளில் மின்கருவிகளை இயக்காத மரபுவழி யூதர்களுக்கோ இது உதவாது. எங்களுக்குத் தடையாக நின்றது சிக்னல்தான். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்குள் அது எட்டவேயில்லை.