அம்பாசிடரில் அடிக்கடி பழுதான இக்னிஷன் காயில்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நான் பல ஆண்டுகளாக ஓட்டிவரும் கார், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் கொண்ட அம்பாசிடர் மார்க் 4. பேட்டரியின் குறைந்த மின்னழுத்தத்தை உயர்த்தி, பிளக்கில் பொறி பாயச் செய்வது இக்னிஷன் காயில். நான்கு சிலிண்டருக்கும் ஒரே காயில்தான் என்பதால், அது பழுதானால் வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். இந்தக் காரில் காயில் சில மாதங்களுக்கு ஒருமுறை போய்க்கொண்டிருந்தது. மாற்றிய ஒவ்வொரு காயிலும் மட்டமான சரக்கு என்றே பட்டறையில் சொன்னார்கள்.

அறிகுறி எப்போதும் ஒன்றுதான். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும் எஞ்சின், நகர நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு திணறி அணையும். காயில்மீது ஈரத்துணியைச் சுற்றி ஆறவைத்தால் மீண்டும் ஓடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பில் ஆவி அடைத்தாலும் இதே போலத்தான் நிற்கும் என்பதால், நின்ற நிமிடத்திலேயே ஸ்பார்க்கைப் பார்ப்பது அவசியம். காயிலின் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் நடு ஒயரைக் கழற்றி, காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, எஞ்சின் உடலிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்து, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றும்போது நீலப் பொறி பாய்ந்தால் காயிலைச் சந்தேகிக்க வேண்டாம். என் வண்டியில் மஞ்சளான, மெலிந்த பொறிதான் வந்தது. சில வேளைகளில் அதுவும் வரவில்லை.

மல்டிமீட்டர் கையில் வந்த பிறகே விடை கிடைக்கத் தொடங்கியது. பொருத்தியிருந்த காயிலின் பிரைமரி (பேட்டரி மின்சாரம் பாயும் சுற்று) 1.5 ஓம் காட்டியது. இவ்வகைக் காயிலுக்கு வெளியே அதே அளவு மின்தடையுள்ள, மின்னோட்டத்தைக் குறைக்கும் பல்லாஸ்ட் ரெசிஸ்டர் தொடராக இருந்தாக வேண்டும். என் வண்டியிலோ சாவியிலிருந்து நேரடி ஒயர் வந்தது. 13.8 வோல்ட்டில், 3 ஓம் காயில் 4.6 ஆம்பியர் இழுக்கும் இடத்தில் இது 9.2 ஆம்பியர் இழுக்கும். எஞ்சின் ஓடாமல், சி.பி. பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை மாறி மாறி இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை) மூடியநிலையில் சாவி 'ஆன்' ஆக இருந்தால் காயிலுக்குள் ஏறத்தாழ 127 வாட் வெப்பம் உருவாகும். பல்லாஸ்ட் இருந்திருந்தால் அது 32 வாட் அளவில் நின்றிருக்கும். சி.பி. பாயிண்ட்டும் விரைவில் கருகிக்கொண்டிருந்ததற்கு இதுவே காரணம். அதுவரை அந்தப் பழி, பாயிண்ட்டில் பொறி பறப்பதைத் தணிக்கும் கன்டென்சர்மீது விழுந்திருந்தது.

பல்லாஸ்ட் தேவைப்படாத 3 ஓம் காயிலைப் பொருத்தியதும் வெப்பத் தொல்லை குறைந்தது. ஆனால் அந்தக் காயிலும் ஓராண்டுக்குள் உள்ளேயே பொறி தாவிப் பழுதானது. இம்முறை கோளாறு காயிலுக்கு அப்பால் இருந்தது. பிளக் இடைவெளி தேய்ந்து 1 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. நடு ஒயரின் உட்கம்பி முனையில் அறுந்திருந்தது. பிளக்கில் எளிதாகப் பாய வழியில்லாதபோது மின்னழுத்தம் மேலும் மேலும் ஏறி, காயிலின் உட்காப்பையே துளைத்துவிடுகிறது. ஆகவே புதிய காயிலை வாங்குமுன் பிளக், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, அதற்குள் சுழலும் ரோட்டர் ஆகியவற்றைப் பார்த்துவிடுவதுதான் முறை என்பேன். பிளக் இடைவெளியை 0.65 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, ஒயர்களை முழுவதுமாக மாற்றினேன். காயிலை எஞ்சின் பக்கத்திலிருந்து எடுத்து, காற்றுப் படும் பக்கவாட்டுத் தகட்டில் நிமிர்த்தி வைத்தேன். எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையிலான எர்த் பட்டையின் துருவைச் சுரண்டி இறுக்கினேன்.

அளக்கும்போது ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். செம்பின் மின்தடை சூட்டில் ஏறும். 20 டிகிரியில் 3 ஓம் காட்டும் காயில் 90 டிகிரியில் 3.8 ஓம் காட்டுவது இயல்பு, அதைக் கண்டு நல்ல காயிலைத் தூக்கி எறியக் கூடாது. செகண்டரி (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுற்று) அளவு நிலையின்றித் துள்ளினாலோ முற்றிலும் அறுந்தாலோ அது பழுது. பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் 14.5 வோல்ட்டுக்கு மேல் தருகிறதா என்பதையும் அப்போதே பார்க்கலாம். என் வண்டியில் அது சரியாகவே இருந்தது.

இந்த மாற்றங்களுக்குப் பிறகு பொருத்திய காயில் பல கோடைகளைத் தாண்டி இன்றும் ஓடுகிறது. பாயிண்ட்டும் சீராகவே தேய்கிறது. பாயிண்ட்டுக்குப் பதில் மின்னணு மாட்யூல் வேலை செய்யும் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். மாற விரும்புவோர், அந்த மாட்யூல் தாங்கும் குறைந்தபட்சக் காயில் மின்தடை எவ்வளவு என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். பாயிண்ட் நன்றாக வேலை செய்யும்வரை நான் மாறுவதாக இல்லை.