கோப்பை வாங்கிய பிள்ளைகள் திரும்பி வருகிறார்களா? தமிழ்ப்பள்ளி ரோபோட்டிக்ஸுக்கு மூன்று வழிகள்

சென்ற மாதம் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு என்னை அழைத்திருந்தார்கள். முன்னாள் மாணவர் ஒருவர் ரோபோட்டிக்ஸுக்கென்று பணம் கொடுத்திருக்கிறார். அதை எதில் போடுவது என்பதுதான் பேச்சு. நான் பாயான் லெப்பாஸில் இயந்திரப் பொறியாளன். ஒன்பது ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலைகளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ரோபோ செய்கிறவன். அதனால் என் கருத்தைக் கேட்டார்கள்.

மேசைமேல் மூன்று திட்டங்கள் இருந்தன: உலக ரோபோ ஒலிம்பியாட், ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற இரண்டு ரோபோப் போட்டிகள், அர்டுயினோ வகை மின்னணுப் பலகைகளை வாங்கிப் பள்ளியிலேயே நடத்தும் பட்டறை. "தம்பி, எதற்கு எவ்வளவு செலவாகும், எதில் பரிசு கிடைக்கும், இந்த இரண்டையும் சொன்னால் போதும்" என்றார் சங்கத் தலைவர். அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் நான் மூன்றாவதாக ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். இப்போது ஐந்தாம் ஆண்டில் இருக்கும் பிள்ளை நாளை இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கில் இருக்கும்போது, இந்தப் பள்ளிக்குத் திரும்பி வந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர எந்தத் திட்டம் இடம் வைத்திருக்கிறது?

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் ஆளுக்கொரு இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். படிவம் ஐந்தில் எஸ்.பி.எம். தேர்வு எழுதும் வரை ஐந்து ஆண்டு இடைவெளி. வேறு நாடுகளில் உயர்நிலைப்பள்ளிக் குழுவிலிருந்து நேராகப் பல்கலைக்கழகத்திற்குப் போகும் மாணவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். நம் பிள்ளைக்கு அந்தத் தொடர்ச்சி கிடையாது. கையில் திருப்புளி பிடித்த ஆசை அந்த ஐந்து ஆண்டுகளில் அணைந்துபோகாமல் இருக்க வேண்டும். இந்த அளவுகோலை மனத்தில் வைத்துத்தான் மூன்றையும் பார்க்கிறேன்.

முதலில் ஒலிம்பியாட். 2004-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 2012-இல் இதன் உலக இறுதிச் சுற்று கோலாலம்பூரிலேயே நடந்தது. குழுவில் இரண்டு அல்லது மூன்று பேர். ரோபோ புறப்படும்போது ஒவ்வொரு பக்கமும் 25 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். ஓட்டத்திற்கு இரண்டு நிமிடம். போட்டி நாள் காலையில் ஒரு திடீர் விதியை அறிவிப்பார்கள். பயிற்றுநர் தடுப்புக்கு வெளியே நிற்க, பிள்ளைகள் தாங்களாகவே நிரலை மாற்றியாக வேண்டும். இந்த ஒரு கட்டத்திற்காகவே இந்தப் போட்டியை நான் மதிக்கிறேன். சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கும் பிள்ளையும் புரிந்துகொண்ட பிள்ளையும் அங்கே தனித்தனியாகத் தெரிந்துவிடுவார்கள்.

தொழிலுக்கும் இது நல்ல அடித்தளம். கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோ ஏன் இடமும் வலமுமாக ஆடுகிறது, சென்சார் காட்டும் பிழைக்கு ஏற்ப மோட்டாரின் வேகத்தை எவ்வளவு திருத்துவது என்று பத்து வயதில் மல்லுக்கட்டியவனுக்கு, கட்டுப்பாட்டுப் பொறியியல் பிற்பாடு புதிய பாடமாக இருக்காது. பினாங்கில் இந்தத் திறமைக்கு வேலை இருக்கிறது. 1972-இல் இன்டெல் இங்கே வந்த காலத்தில் சில்லுகளைப் பொருத்தும் கைகள் தேவைப்பட்டன. இன்று பென்டாமாஸ்டர், விட்ராக்ஸ் போன்ற உள்ளூர் நிறுவனங்கள் தானியங்கி இயந்திரங்களையும் கேமராக் கண்ணால் குறை கண்டுபிடிக்கும் இயந்திரங்களையும் இங்கேயே உருவாக்குகின்றன. என்னிடம் பயின்ற ஒருவன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு இன்று அத்தகைய இயந்திரங்களைத்தான் சீர்செய்கிறான். கோடு பின்தொடரும் வேலையைச் சம்பளத்திற்குச் செய்கிறேன் என்று சொல்லிச் சந்தோஷப்படுவான்.

ஆனால் அவன் பள்ளிக்குத் திரும்பி வரவில்லை. அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது, ஏனென்றால் தவறு எங்களுடையது. நான் முதலில் உதவிய பள்ளியில் மூன்று பேர் கொண்ட ஒரு குழு. மாநில அளவில் பரிசு வாங்கினோம், நாளிதழில் படம் வந்தது, சபையில் மாலை போட்டார்கள். அடுத்த ஆண்டு பயிற்சி ஆசிரியை மாற்றலாகிப் போனார். ரோபோ செய்யும் லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் பெட்டிகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். 2022 இறுதியில் அந்த வரிசையையே லெகோ நிறுத்திவிட்டது. பூட்டியது பூட்டியபடியே இருந்தது. வென்ற மூவருக்கும் அந்த அறையில் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. போட்டியின் அமைப்பே அப்படி. விளையாட மூன்று பேர், கற்றுக்கொடுக்க ஒருவர். அந்த ஒருவரின் இடம் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவருக்கு. பதினைந்து வயது முன்னாள் மாணவனுக்கு என்று அங்கே பெயரிட்ட வேலை எதுவும் இல்லை.

லெகோ லீக்கை நடத்தும் ஃபர்ஸ்ட் அமைப்பு வேறு விதமாக யோசித்திருக்கிறது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-இல் இதைத் தொடங்கினார். எம்.ஐ.டி. பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ் அவரோடு சேர்ந்து போட்டியின் குணத்தை வகுத்தார். 1992-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில், ஓர் உயர்நிலைப்பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் முதல் போட்டி நடந்தது. வந்த குழுக்கள் 28. பினாங்கில் இருக்கும் தமிழ்ப்பள்ளிகளும் 28. கூட்டத்தில் இதைச் சொன்னபோது பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அங்கே உயர்நிலைப்பள்ளிப் போட்டியின் உச்ச விருது களத்தில் வென்ற ரோபோவுக்குப் போவதில்லை. 2022 வரை சேர்மன்ஸ் விருது என்ற பெயரில் வழங்கப்பட்டது, இப்போது இம்பேக்ட் விருது என்கிறார்கள். சுற்றியுள்ள சமூகத்திற்கு என்ன செய்தீர்கள், எந்தப் புதிய குழுவைத் தொடங்கி வைத்தீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிக் கைகொடுத்தீர்கள் என்று கேட்டுக் கொடுக்கப்படும் விருது அது. வூடி ஃபிளவர்ஸ் பெயரிலான விருது வழிகாட்டிகளுக்கு உரியது. அதற்குப் பெயர் முன்மொழிபவர்கள் மாணவர்கள். பதினாறு வயதுப் பிள்ளை தன் வழிகாட்டியைப் பற்றி உட்கார்ந்து எழுதும்போதே, நாளை தானும் அப்படி ஒருவராக வேண்டும் என்ற எண்ணம் முளைத்துவிடும். எதிரணிக்கு உதிரிப்பாகம் கடன் கொடுப்பது அங்கே சாதாரண வழக்கம். முன்னாள் மாணவர்கள் நடுவர்களாக, களத்தொண்டர்களாக, வழிகாட்டிகளாகத் திரும்பி வருவதில் எனக்கு வியப்பே இல்லை. கொடுப்பதை விளையாட்டின் விதியாகவே எழுதிவைத்துவிட்டார்கள்.

பலனை அளக்கவும் முயன்றிருக்கிறார்கள். பிராண்டைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 முதல் ஃபர்ஸ்ட் மாணவர்களையும் அதில் சேராத மாணவர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். அறிவியல், பொறியியல் துறைகளில் நாட்டம் வளர்வது சேர்ந்தவர்களிடம் தெளிவாக அதிகமாக இருந்தது. ஏற்கெனவே ஆர்வமுள்ள பிள்ளைதானே சேர்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சேராதவர்களையும் கூடவே வைத்துப் பார்த்ததால்தான் அந்த ஆய்வை நான் பொருட்படுத்துகிறேன்.

நம் பள்ளிக்கு எட்டக்கூடியது இதன் இளைய கிளையான லெகோ லீக். குழுவில் பத்துப் பேர் வரை. ரோபோவின் ஓட்டம் இரண்டரை நிமிடம், அதற்கு மதிப்பெண்ணில் கால் பங்குதான். ரோபோ வடிவமைப்பு, ஒரு சமூகச் சிக்கலுக்குத் தீர்வு தேடும் ஆய்வு, ஒருவரோடொருவர் பழகும் பண்பு ஆகியவை மற்ற முக்கால் பங்கு. இதன் அருமையை ஒரு பெண்பிள்ளையால்தான் நான் புரிந்துகொண்டேன். இரண்டாவதாக நான் உதவிய பள்ளியில் ஒன்பது பேர் குழு. அவள் ஒருநாளும் நிரலைத் தொட்டதில்லை. அடுக்குமாடி வீடு வீடாகப் போய்க் குப்பை எங்கே தேங்குகிறது என்று கேட்டு எழுதிவந்தாள், நடுவர்கள் முன் பேசினாள். ஒலிம்பியாட் குழுவாக இருந்திருந்தால் அவளுக்கு இடமே கிடைத்திருக்காது. இன்று படிவம் நான்கு. குடும்பம் தீவிலுள்ள ஆயர் ஈத்தாமுக்கு மாறிய பிறகும் மாதம் இரண்டு சனிக்கிழமை பஸ்ஸும் ஃபெரியும் பிடித்து வந்துவிடுகிறாள். "அண்ணா, இவர்கள் நடுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஒரு மணி நேரம் என்னிடம் விட்டுவிடுங்கள்" என்பாள். விட்டுவிடுவேன்.

குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். ஆண்டுதோறும் பதிவுக் கட்டணம், புதிய களப் பொருள்கள் என்று பணம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆய்வுப் பகுதியைப் பெற்றோரே எழுதிக் கொடுத்துவிடும் வழக்கம் பல இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளை தமிழில் யோசித்ததை வேறு மொழியில் சொல்ல நேரும்போது பாதி விஷயம் வழியிலேயே விழுந்துவிடுகிறது. நாங்கள் முதலில் முழுவதும் தமிழில் பேசிப் பழகிவிட்டுப் பிறகுதான் மொழி மாற்றுவோம். கூடுதல் நேரம் ஆகும், ஆனால் பிள்ளையின் குரல் பிள்ளையுடையதாகவே இருக்கும்.

மூன்றாவது, பட்டறை. அர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்கென்று பிறந்த மலிவான பலகை. அதே குடும்பத்தைச் சேர்ந்த மேக்கர் ஊனோ பலகையை நம் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் சைட்ரான் நிறுவனமே விற்கிறது. ஒவ்வொரு முனைக்கும் ஒரு சிறு விளக்கு, ஒலியெழுப்பி, பொத்தான் எல்லாம் பலகையிலேயே இருப்பதால் முதல் வகுப்பில் கம்பி பொருத்தாமலே பிள்ளை விளக்கை எரியவைத்துவிடும். லெகோ பெட்டி ஒன்றின் விலையில் பல பலகைகள் வாங்கலாம். வீட்டுக்கும் கொடுத்தனுப்பலாம். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகும் அதே பலகையில் வேலை தொடரும், ஐந்து ஆண்டு இடைவெளிக்கு இதைவிட நல்ல பாலம் எனக்குத் தெரியாது. பட்டறையில் பதினைந்து வயது அண்ணன் ஒருவன் பத்து வயதுத் தம்பிக்குக் ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டக் காட்டுவதற்கு எந்தப் போட்டி விதியும் குறுக்கே நிற்காது.

நான் வளர்ந்ததே அப்படிப்பட்ட ஓர் அறையில்தான். பல்கலைக்கழகத்தில் ரோபோகான் குழுவில் இருந்தேன். ஆசிய பசிபிக் ஒலிபரப்புச் சங்கம் 2002-இல் தொடங்கிய போட்டி அது. 2006-இல் கோலாலம்பூரில் நடந்தபோது இரட்டைக் கோபுரம் கட்டும் ரோபோக்களைச் செய்யச் சொன்னார்கள். ஆண்டுக்கு ஆண்டு விளையாட்டு மாறும், பட்டறை மாறாது. மூத்தவர்கள் படித்து முடித்த பிறகும் இரவில் வந்து எங்கள் காற்றழுத்தக் குழாயில் எங்கே கசிவு என்று காது வைத்துப் பார்ப்பார்கள். முதல் வேலைக்கான நேர்காணலில் அரைமணி நேரம் நான் பேசியது களத்தில் நின்றுபோன எங்கள் ரோபோவைப் பற்றித்தான். அந்த மூத்தவர்களுக்கு நான் பட்ட கடனைத்தான் சனிக்கிழமைகளில் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் பட்டறைக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு: நாள் குறிக்கப்படாத வேலை. போட்டித் தேதி இல்லாவிட்டால் பள்ளி விடுமுறைக்குப் பிறகு பாதிப் பேர் வருவதில்லை. ஆறு மாதத்தில் பலகைகள் டப்பாவில் கிடக்கும்.

டியூஷன் நிலையங்கள் நடத்தும் கட்டண வகுப்பையும் ஒருவர் கேட்டார். கற்றுத்தருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பணம் கட்டிய இடத்திற்குத் திரும்பிச்சென்று தொண்டு செய்ய எந்தப் பிள்ளைக்கும் தோன்றாது. அதை ஒதுக்கிவிடலாம் என்றேன்.

"கொடுக்கும் மனம் நம்மவர்களிடம் குறைவா என்ன?" என்று தலைவர் கேட்டார். குறைவே இல்லை. மின்விசிறி, நாற்காலி, பரிசளிப்பு விழாவுக்குக் கோப்பை என்று முன்னாள் மாணவர் சங்கங்கள் கொடுத்தவற்றால்தான் பல பள்ளிகள் நிற்கின்றன. இந்தப் பணமும் அப்படி வந்ததுதான். அது வருவதற்கு அவருக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது. படிவம் நான்குப் பிள்ளையிடம் பணம் கிடையாது, சனிக்கிழமை உண்டு. அதை வாங்கிக்கொள்ள நமக்கு ஏற்பாடு இல்லை.

ஆகவே என் பரிந்துரை இப்படி. திட்டத்தின் முதல் ஆண்டு முழுவதும் பட்டறை, நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகளில் விரும்பும் எல்லாருக்கும். திட்டத்தின் இரண்டாம் ஆண்டில் அவர்களிலிருந்து ஒரு லெகோ லீக் குழு. பட்டறைக்கு இல்லாத தேதியை அது கொடுக்கும். ஒலிம்பியாடை முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தொட வேண்டாம். பிறகு துடிப்பான மூவர் தாமாகக் கேட்டால் அனுப்பலாம். மேலும், மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் திரும்பிவரும் மாணவர்களின் பஸ், ஃபெரிக் கட்டணத்திற்கும் மதியச் சாப்பாட்டிற்கும் என்று தனியே எடுத்துவைக்கச் சொன்னேன்.

இந்தக் கடைசி வரியில்தான் விவாதம் நீண்டது. பிள்ளைகளுக்கு என்று கொடுத்த பணத்தைப் பள்ளியை விட்டுப் போனவர்களுக்குச் செலவழிப்பதா என்று பொருளாளர் கேட்டார். பின்வரிசை அம்மா எழுந்து, தன் மூத்த மகன் இப்போது படிவம் இரண்டு, சனிக்கிழமை காலைகளில் வீட்டில் சும்மாதான் இருக்கிறான், பட்டறைக்கு எத்தனை மணிக்கு வரச்சொல்லட்டும் என்று கேட்டார். ஒன்பது மணி என்றேன்.