பி.ஏ. இதழியல்: ஃபீஸ் கட்டிய பேப்பர் ஏஜென்ட்டின் விமர்சனம்

தண்டையார்பேட்டையில் பேப்பர் ஏஜென்சி வைத்திருக்கிறேன். பெரிய மகள் 2021-இல் பி.ஏ. இதழியல் சேர்ந்து 2024-இல் முடித்தாள். "பேப்பர் போடுறவன் பொண்ணு பேப்பர் படிப்பா?" என்று டீக்கடையில் கிண்டலடித்தவர்களே, இப்போது தங்கள் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று விசாரிக்கிறார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். அவள் படித்தது தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம்.

குறைகளை முதலில் முடித்துவிடுவோம். அட்மிஷன் அன்று பெருமையாகக் காட்டிய ஸ்டுடியோவுக்குள் முதல் வருஷப் பிள்ளைகளை விடவே இல்லை. பிறகு விட்டபோது ஒரு கேமராவைச் சுற்றி வகுப்பே நின்றது. கேம்பஸ் இன்டர்வியூ என்று வந்தவை கிரெடிட் கார்டு விற்கும் வேலைகள். எல்லாவற்றையும் விட எனக்கு ஆறாத கோபம், மூன்று வருஷத்தில் ஒருவரும் தமிழ் டைப்பிங் சொல்லித் தரவில்லை என்பதுதான். தமிழ்ப் பத்திரிகைக்கு வேலை கேட்டுப் போனால் முதலில் கீபோர்டு முன்னால்தான் உட்கார வைக்கிறார்கள். தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு முறையை அவள் வீட்டிலேயே, விற்காமல் நான் ரிட்டர்ன் அனுப்பக் கட்டி வைத்த பேப்பரை உருவி எடுத்து, அதைப் பார்த்து அடித்தடித்துப் பழகினாள்.

வரலாற்றுப் பாடம் மோசமில்லை. 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய சுதேசமித்திரன் 1899-இல்தான் நாளிதழ் ஆனது என்பதெல்லாம் விடியற்காலையில் என்னோடு சப்ளிமென்ட் சொருகிக்கொண்டே அவள் சொல்லித்தான் தெரியும். காலமெல்லாம் பேப்பர் விற்கிறேன், எனக்கு யார் சொன்னார்கள் இதை?

கட்டிய காசு வசூலானது ரிப்போர்ட்டிங் வகுப்பில். எடுத்தவர் பத்திரிகையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு வந்து எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்ததே, அப்போது பிள்ளைகளை அங்கே காட்டுக்குப்பம் என்ற மீனவர் குப்பத்துக்குப் போய் எழுதி வரச் சொன்னார். மகள் எழுதிய முதல் வரி: "வாழ்வாதாரத்தை இழந்த மீனவர்கள் கண்ணீர் வடிக்கின்றனர்." அந்தக் கண்ணீரைச் சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில், "யார் அழுதார்? நீ பார்த்தாயா? வலை என்ன விலை? ஆற்றில் இறங்கி எத்தனை நாளாச்சு?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி போனாள். ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் ஒரு அம்மாவோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். சுடிதார் ஓரத்தில் ஒட்டிய கறுப்புப் பிசின் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இரண்டாவது முறை எழுதியதில் கண்ணீர் என்ற சொல்லே கிடையாது. அந்த அம்மாவின் கூடையில் அன்றைக்கு என்ன இருந்தது என்பதில் ஆரம்பித்திருந்தாள். அவள் வாசித்ததைக் கேட்டு என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "இன்னொரு தடவை படிடி" என்றாள்.

தகவல் உரிமைச் சட்டத்தைக் கையாளச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். 2005-இல் வந்த சட்டம், மனுவுக்குப் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. "ஏன் வேலை நடக்கவில்லை என்று கேட்காதே, வேலை உத்தரவின் நகலைக் கேள்" என்றாராம். அந்த ஒரு வரி தெரியாமல் எங்கள் தெருச் சங்கம் எத்தனை மனு வீணாகப் போட்டிருக்கும்!

வடசென்னைப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பில் ஒரு வசதி உண்டு. கொடுங்கையூர் குப்பைமேடு, காசிமேடு மீன் ஏலம், எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் என்று செய்தி வாசலிலேயே கிடக்கிறது. ஆனால் பேப்பரில் நம் ஏரியா வருவதென்னவோ அரிவாளோடும் கஞ்சாவோடும்தான். நானே அதைக் கட்டுக் கட்டாக விற்கிறேன், பொய் சொல்வானேன்.

சரி, வேலை விஷயம். கூடப் படித்தவர்களில் ரிப்போர்ட்டர் ஆனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் சேனலில் டிக்கர் (திரையின் அடியில் ஓடும் செய்தி வரி) அடிக்கிறார்கள், யூடியூப்புக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள், பி.ஆர். (மக்கள் தொடர்பு) கம்பெனிக்கும் சப்டைட்டில் வேலைக்கும் போகிறார்கள். மகள் ஒரு செய்தித் தளத்தில் உதவி ஆசிரியர். 18,000 ரூபாயில் ஆரம்பித்தாள். நைட் ஷிஃப்ட் முடியும்போது மெட்ரோ இருக்காது. ஆபீஸ் வண்டி உண்டா என்று சேரும்போதே கேட்டுவிட வேண்டும். அரசு வேலை வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி.யில் உதவி மக்கள் தொடர்பு அலுவலர் பணி இருக்கிறது, மத்திய அரசில் இந்தியத் தகவல் பணி இருக்கிறது. வாத்தியாராக வேண்டுமா, முதுகலை முடித்து இதழியலிலேயே நெட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதலாம். இதையெல்லாம் கல்லூரியில் யாரும் சொல்லவில்லை, நாங்களே தேடினோம்.

இளையவனும் இந்த லைனுக்கு வருகிறேன் என்கிறான். அவனை முதலில் பொருளாதாரமோ தமிழோ படிக்கச் சொல்லியிருக்கிறேன். இதழியலை அதற்கு மேல் படித்துக்கொள்ளலாம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இருக்கிறது, ஃபீஸ் நமக்குக் கட்டுப்படியாகும். தரமணியில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் தருவது முதுகலை டிப்ளமோ, எந்த டிகிரி முடித்தவரும் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். அங்கே செலவு லட்சக்கணக்கில். பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் பிடித்தால் இரண்டும் ஒரே வழித்தடம்.

பி.ஏ.வுக்கு என் மார்க் ஐந்துக்கு மூன்று, அதில் இரண்டு அந்த வாத்தியாருக்கு. அதனால் பணம் கட்டுமுன், ரிப்போர்ட்டிங் எடுப்பவர் எந்தப் பத்திரிகையில் வேலை பார்த்தவர் என்று கேளுங்கள். போன வருஷம் பிள்ளைகளே எழுதி வெளியிட்ட பயிற்சிப் பத்திரிகையைக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பேப்பர் வராமல் ஸ்டுடியோ சாவியைத் தேட ஆரம்பித்தார்கள் என்றால், கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.